கிரில்லில் ஒரு பள்ளம்

காரின் முன்பக்க கிரில் உடைந்துவிட்டால் இரண்டே வழிதான். பழையதை ஒட்டி மாட்டலாம், இல்லையென்றால் புதிது வாங்கி மாட்டலாம். மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சில கார்களில் பானெட்டைத் தூக்கி நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும், சிலவற்றில் பம்பரையே இறக்க வேண்டியிருக்கும். விலையைக் கேட்கும்போதுதான் ஆளுக்குத் தூக்கிவாரிப் போடும். கையில் எடுத்தால் கனமே இல்லாத பிளாஸ்டிக் சட்டம், இதற்கா இவ்வளவு? “ஒரிஜினல் சார்” என்பார் கடைக்காரர். அந்த ஒரே வார்த்தையில் நூற்றிருபது வருடக் கதை ஒன்று அடங்கியிருக்கிறது.

கதை தண்ணீரில் தொடங்குகிறது. முதல் தலைமுறை கார்களின் பெரிய தலைவலி சூடு. இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், சூடான தண்ணீரைக் குளிர்விக்கக் காற்று வேண்டும். டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மேபாக் இதற்கு ஒரு தீர்வு கண்டார். எமில் ஜெல்லினெக் என்ற வியாபாரி வேகமான கார் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தார். அவருக்காக 1900 இறுதியில் தயாரான காருக்கு அவருடைய மகளின் பெயரையே வைத்தார்கள்: மெர்சிடிஸ். அதன் முன்பக்கத்தில் மேபாக் பொருத்தியது தேன்கூடு போன்ற ஒரு ரேடியேட்டர். ஆறு மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் எட்டாயிரத்துக்கும் மேல் அதில் இருந்தன. காற்று குழாய்களுக்குள் பாய, தண்ணீர் அவற்றைச் சுற்றி ஓடியது. தேவைப்பட்ட தண்ணீரின் அளவும் பாதியாகக் குறைந்தது.

இந்தத் தேன்கூடு காரின் மூக்கு நுனியில் மறைப்பே இல்லாமல் நின்றது. அன்றைய கார்களில் ரேடியேட்டர்தான் முகம். தனியாக கிரில் என்று எதுவும் கிடையாது. வேலைக்காக வைத்த பாகத்தைப் பார்த்தே ஜனங்கள் காரை அடையாளம் கண்டார்கள். ரோல்ஸ் ராய்ஸ் தன் ரேடியேட்டருக்குக் கிரேக்கக் கோயில் வாசல் மாதிரி ஒரு சட்டம் போட்டது. ஃபோர்டு மாடல் டி-யின் பித்தளை ரேடியேட்டர் தூரத்திலேயே பளபளக்கும். ஒழுகினால் உலோகம் பற்றவைக்கத் தெரிந்த எவரும் அதை அடைத்துத் தந்துவிடலாம். முகம் உடைந்தால் முகத்தையே சரிசெய்தார்கள். அது யாருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

1930களில் ரேடியேட்டர் பின்னால் போய் உலோக உடலுக்குள் ஒளிந்துகொண்டது. கல், பூச்சி, தூசி எல்லாவற்றையும் தடுக்க அதன் முன்னால் ஒரு சல்லடை வந்தது. அதுதான் கிரில். குளிர்விக்கும் வேலை உள்ளே போய்விட்டது, வெளியே நின்றது தோற்றம் மட்டும். அந்த நிமிடத்திலிருந்து கிரில் பொறியாளர் கையைவிட்டு வடிவமைப்பாளர் கைக்குப் போனது. 1933இல் வந்த பிஎம்டபிள்யூ 303இன் இரட்டைச் சிறுநீரக வடிவம் இன்றுவரை அந்த நிறுவனத்தின் முகமாக இருக்கிறது.

இந்தக் காலத்தில் எனக்குப் பிடித்த கார் 1950ஆம் வருட பியூக். அதன் முன்பக்கம் பல்லைக் காட்டிச் சிரிக்கும். கனத்த குரோம் பற்கள் பம்பருக்கு முன்னால் வரிசையாக இறங்கி நிற்கும். பார்த்தால் கோமாளித்தனம், ஆனால் உள்ளே நல்ல யோசனை. ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். ஒரு பல் போனால் ஒரு பல்லுக்கு மட்டும் காசு. மென்பொருள்காரர்கள் இதை மாடுலர் டிசைன் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வோம். பியூக் அதைப் பல்லில் செய்து காட்டியது.

அடுத்த திருப்பம் போர்க்களத்தில். இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்புகளுக்கு முதலில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்துத்தான் கிரில் செய்தார்கள். அதே ஜீப்பைத் தயாரித்த ஃபோர்டு, ஒரே தகட்டை அழுத்தி ஒன்பது துளை கொண்ட கிரில்லை உருவாக்கியது. எடை குறைவு, செலவும் குறைவு. வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் வந்த ஜீப்பில் துளை ஏழானது. காலப்போக்கில் அந்த ஏழு துளையே ஜீப்பின் வணிகச் சின்னமாகிவிட்டது. ஹம்மர் எச்2 காரும் ஏழு துளையோடு வந்தபோது, ஜீப்பை அப்போது வைத்திருந்த டைம்லர்கிரைஸ்லர் வழக்குப் போட்டது. தடைவிதிக்க மறுத்த கீழ்நீதிமன்றத்தின் முடிவை 2002இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. காசு மிச்சம் பிடிக்க ஒரு நிறுவனம் தகட்டில் போட்ட துளைக்காக, அறுபது வருடம் கழித்து வேறு நிறுவனங்கள் மோதிக்கொண்டன!

இதற்கிடையே கிரில்லின் உடம்பும் மாறியது. 1960களிலிருந்து உலோக வார்ப்பு மெல்ல மெல்ல விடைபெற, குரோம் பூசிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் அந்த இடத்துக்கு வந்தது. எடையும் செலவும் குறைந்தன. ஆனால் பியூக்கின் பற்கள் போய், முழு முகமும் ஒரே வார்ப்பாகிவிட்டது. அதைப் பிடித்து நிறுத்துவது விரல் நகம் அளவு பிளாஸ்டிக் லாக்குகள். சின்ன இடியிலும் முதலில் உடைவது அவைதான். சூடான கம்பியை வைத்து உருக்கி ஒட்டலாம், அசிட்டோனில் ஏபிஎஸ் துண்டுகளைக் கரைத்துக் கூழாக்கிப் பூசலாம். கருப்பு கிரில் என்றால் இது தாங்கும். குரோமில் விரிசல் விழுந்துவிட்டால் அந்தப் பளபளப்பைத் தெருமுனைப் பட்டறையில் மீட்பது கடினம். உடைந்தது ஒரு லாக், மாற்ற வேண்டியது முழு கிரில்.

சரி, வேறு யாராவது செய்த கிரில்லை வாங்கிக்கொள்ளலாமே? இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 1988இல் வோல்வோவுக்கும் வெங் என்ற இறக்குமதி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் சண்டை ஒரு முன்பக்க மட்கார்டு பற்றி. உரிமம் தர மறுப்பது மட்டுமே தவறாகாது, உதிரிபாகம் தர மறுப்பதும் அநியாய விலை வைப்பதும் தவறாகலாம் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் வடிவமைப்புச் சட்டத்தில் ‘பழுதுநீக்கும் விதி’ ஒன்றைச் சேர்த்தது. காரைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரத் தேவையான பாகத்தை மற்றவர்களும் செய்யலாம் என்பது அதன் சாரம். 2024இல் வந்த புதிய உத்தரவு இதை உறுப்புநாடுகளின் சட்டங்களுக்கும் விரிக்கிறது. ஏற்கெனவே பாதுகாப்புக் கொடுத்துவந்த நாடுகள் பழைய பதிவுகளுக்கு அதை 2032 வரை தொடரலாம்.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், அதே 2024 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு. போலந்தில் ஒருவர் 1980, 90களின் ஆடி கார்களுக்கு மாற்று கிரில் விற்றுவந்தார். அவற்றில் ஆடியின் நான்கு வளையச் சின்னம் கிடையாது. சின்னத்தைப் பொருத்துவதற்கான இடம் மட்டும் இருந்தது. அந்த இடத்தின் வடிவம் வளையங்களை ஒத்திருந்தது என்று ஆடி வழக்குத் தொடுத்தது. பழுதுநீக்கும் விதி வடிவமைப்புச் சட்டத்தில்தான் இருக்கிறது, வணிகச் சின்னச் சட்டத்தில் இல்லை என்றது ஐரோப்பிய நீதிமன்றம். சின்னம் பொருத்தும் பகுதியே சின்னத்தை ஒத்திருந்தால் உரிமையாளர் அதைத் தடுக்கலாம். இதற்கு முன் ஆலோசனை சொன்ன சட்ட அதிகாரியின் கருத்து நேர் எதிராக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். கிரில்லை நீங்கள் செய்யலாம். ஆனால் அதன் நடுவில் உள்ள பள்ளத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். பழைய கார் வைத்திருப்பவரிடம் அந்த நான்கு வளையச் சின்னம் ஏற்கெனவே இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய காரோடு வந்தது. அதை மறுபடி மாட்ட ஓர் இடம்தான் அவருக்கு வேண்டும். போலிச் சரக்கைத் தடுக்க வந்த சட்டம் இங்கே பழுதுபார்ப்பதைத் தடுக்கிறது. பெயரைத் திருடுவதும் உடைந்ததைச் சரிசெய்வதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைச் சட்டம் ஒரு பக்கம் ஒத்துக்கொண்டு மறுபக்கம் மறந்துவிடுகிறது என்பதே என் வருத்தம்.

மின்சார காருக்கு முன்பக்கம் அவ்வளவு காற்று வேண்டாம், கிரில் ஒழிந்துவிடும் என்று நினைத்தோம். 2021இல் வந்த பிஎம்டபிள்யூ ஐஎக்ஸைப் பாருங்கள். சிறுநீரகம் முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது, ஆனால் மூடியிருக்கிறது. அதன் வழியாகக் காற்று போவதில்லை. பின்னால் கேமராவும் ரேடாரும் உட்கார்ந்திருக்கின்றன. பயன் போன பிறகும் யாரும் நீக்கத் துணியாத பழைய கோடு மாதிரி அது நிற்கிறது. அதன் மேற்பூச்சில் சின்னக் கீறல் விழுந்தால் அறை வெப்பத்தில் ஒரு நாளில் தானாகவே ஆறிவிடும் என்கிறது நிறுவனம். வெந்நீர் ஒழுகிய பித்தளைக்குப் பற்றுவைத்த பட்டறைக்காரருக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் கீறலோடு நிற்காமல் மொத்தமாக உடைந்துவிட்டால் அது தானாக ஆறாது. அப்போது மறுபடி கடைக்குப் போய் அதே விலையைக் கேட்டாக வேண்டும்.