தஸ்நேவிஸ்: ஆடியில் பெய்த பனி

ரோம் நகரின் எஸ்குவிலின் குன்றில் இருக்கிறது சாந்தா மரியா மஜ்ஜோரே பசிலிக்கா. ஆகஸ்ட் 5ஆம் தேதி அங்கே போகும் பயணிகள் எல்லோரும் அண்ணாந்துதான் நிற்பார்கள். திருப்பலியின் நடுவே, பொன் பூசிய கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்கள் உதிரும். வெளியே ஐரோப்பியக் கோடை கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே அந்த இதழ்கள்தான் பனி. கூட்டத்தில் ஒரு தூத்துக்குடிக்காரர் இருந்தால், அதே நாளில் தம் ஊரில் உள்ளூர் விடுமுறை என்பது அவருக்குச் சட்டென்று நினைவு வரும்.

மஜ்ஜோரே என்றால் 'பெரிய'. ரோமில் மரியாளின் பெயரில் உள்ள கோயில்களில் இதுவே பெரியது. ஊர்மக்கள் சொல்லும் கதை வேறொரு பெயரைத் தந்தது: பனி மாதா. 4ஆம் நூற்றாண்டில், லிபேரியுஸ் பாப்பரசர் காலத்தில், பிள்ளையில்லாத செல்வத் தம்பதியர் தம் சொத்தை மாதாவுக்குக் கொடுக்க விரும்பினார்களாம். மாதா கனவில் வந்து இடத்தைச் சொன்னாளாம். விடிந்து பார்த்தால், நடுக்கோடையில் குன்றின்மேல் பனி! பாப்பரசர் அந்தப் பனியிலேயே கோயிலுக்குக் கோடு கிழித்தார் என்பது கதை. இன்றைய கட்டடம் மூன்றாம் சிக்ஸ்துஸ் (432–440) காலத்தது. கதை ஏடேறியது அதற்கும் பல நூற்றாண்டுகளுக்குப் பின்பு. முகப்பு மாடத்தில் பிலிப்போ ருசூத்தி பதித்த வண்ணக்கல் சித்திரங்களில் அதை இன்றும் பார்க்கலாம்.

இந்த 'பனி மாதா'வைப் போர்ச்சுகீசியர் 'நொஸ்ஸா செஞோரா தஸ் நெவெஸ்' என்று அழைத்தார்கள். நொஸ்ஸா செஞோரா, நம் தலைவி; தஸ், 'உடைய' என்னும் பொருள் தரும் முன்னுருபு; நெவெஸ், பனிகள். 16ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி அடங்கிய முத்துக்குளித்துறைக்கு வந்த அவர்கள் சாவி, சன்னல், மேசை முதலிய சொற்களோடு இதையும் இறக்கிவிட்டுப் போனார்கள். அக்கடற்கரைப் பரதவர் நாவில் முன்பாதி உதிர்ந்தது. பின்பாதியில் உருபும் பெயரும் ஒட்டிக்கொண்டு 'தஸ்நேவிஸ்' ஆனது. இலக்கணப்படி அது 'பனிகளின்' என்று பாதியில் நிற்கும் தொடர். கூப்பிடுகிறவர் காதிலோ அது முழுப்பெயர், ஒரு தாயின் பெயர்.

அதற்குத் தமிழில் அமைந்த இணை 'பனிமய மாதா'. தமிழ்ப் பனியும் வடமொழி மயமும் சேர்ந்த கலவை. இங்கேதான் ஒரு சிக்கல். நெவெஸ் என்பது வானத்திலிருந்து வெண்பஞ்சாய் இறங்குவது. தமிழில் பனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது புல்நுனி ஈரமும் மார்கழி மூடுபனியும்தான். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்கே பெயர் வைத்தவர்கள் நாம். அந்த நான்கு மாதத்திலும் உறைபனி ஒரு துளிகூட உப்பளக் கரையில் விழுந்ததில்லை. 'பனி பெய்தது' என்று தூத்துக்குடியில் சொன்னால் யார் வியப்பார்?

ஆனால் நாளைப் பாருங்கள். ஆகஸ்ட் 5, ஆடி மாதம். புழுதிக்காற்று வீசும் ஆடியில் இங்கே புல்நுனிப் பனிகூடக் கிடையாது. ஆகவே பனியின் பொருள் மாறிய பின்னும் அற்புதம் அற்புதமாகவே நிற்கிறது. சொல் விட்டதை மாதம் காப்பாற்றிவிட்டது.

தூத்துக்குடியின் பனிமய மாதா கோயில் 1982இல் பசிலிக்கா ஆனது. அதற்கு முன்பே, 1969இல், ரோம் தன் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோது ஆகஸ்ட் 5 விழாவின் பெயரிலிருந்து பனியை எடுத்துவிட்டது. இன்று அங்கே அந்நாள் மரியா பெருங்கோயிலின் நேர்ந்தளிப்பு விழா மட்டுமே. நம் கடற்கரையில் ஜூலை 26இல் கொடியேறுவது இப்போதும் பனிமய மாதாவுக்குத்தான். அங்கே பனியைக் காட்டப் பூவிதழ் தூவவேண்டியிருக்கிறது. இங்கே 'தஸ்நேவிஸ் தாயே' என்று கூப்பிட்டால் போதும்.