புழுவெட்டு: ஒரு பெயரின் வரலாறு

தலையில் நாணய அளவில் முடி திடீரென உதிர்ந்து, அவ்விடம் வழுவழுப்பாகத் தோன்றுவதை நம் முன்னோர் புழுவெட்டு என்றனர். கண்ணுக்குப் புலப்படாத புழு முடியை அரிப்பதாக அவர்கள் கருதினர். சுசுருத சம்ஹிதை இதனை இந்திரலுப்தம் என்றது. உரோமாபுரியின் செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே இதனை வருணித்தார். 1843-இல் பாரிஸில் குரூபி என்ற மருத்துவர் நுண்காளானே காரணம் என்றார். தொற்றும் என்னும் அச்சம் வலுத்தது.

இன்றைய மருத்துவம் இவ்விரு கருத்தையும் ஏற்பதில்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மயிர்க்கால்களைத் தாக்குகின்றன. புழுவும் இல்லை, தொற்றும் இல்லை. மயிர்க்கால்கள் அழிவதில்லையாதலால் முடி மீண்டும் வளர இடமுண்டு. கடுமையான நிலைக்குப் பாரிசிட்டினிப் என்னும் மாத்திரையை அமெரிக்கா 2022-இல் அனுமதித்தது.

ஆயினும் பழைய பெயரும் அச்சமும் நம்முடனேயே பயணம் செய்கின்றன. டில்லியிலோ மும்பையிலோ வாழும் நம் இல்லத்தில் மனைவிக்கு இந்நோய் என மருத்துவர் கூறும்போது, தாயும் தமக்கையும் அருகில் இரார். ஊரிலிருந்து தொலைபேசியில் வருவது சின்ன வெங்காய வைத்தியமும் ஓயாத கேள்விகளுமே. அவ்வேளையில் அவள் சீப்பைத் தனியே வைப்பது பழைய அச்சத்தின் எச்சம். "முடிதானே, போகட்டும்" என்பதோ அவள் துயரைச் சிறுமைப்படுத்துவது. இரண்டையும் தவிர்ப்போம். மருத்துவரிடம் உடன் செல்வோம்; அவள் விரும்பினால், உறவினர் வினாக்களுக்கு நாமே விடையளிப்போம். பெயர் பழையதாகவே இருக்கட்டும். அது தந்த அச்சம் நம் இல்லத்தில் வேண்டாம்.