மில்லேனியம் பசுந்திடல்

மில்லேனியம் பசுந்திடல் (மில்லேனியம் கிரீன்) என்பது இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டின் வருகையை நினைவுகூரும் வகையில் ஊர் மக்களால் உருவாக்கப்பட்டு, உள்ளூர் அறக்கட்டளையால் நிரந்தரமாகப் பேணப்படும் பொது வெளியைக் குறிக்கும். 1996 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் மொத்தம் 245 திடல்கள் அமைக்கப்பட்டன. இவற்றுள் பல, பயன்பாடின்றிக் கிடந்த ஊர் நிலங்கள் தன்னார்வலர்களின் உழைப்பால் புல்வெளி, குளம், சிறு காடு ஆகியவை கொண்ட இயற்கைப் பகுதிகளாக மாற்றப்பட்டவை ஆகும்.

பெயர்

இங்கிலாந்தின் பழைய ஊர்களின் நடுவே பொதுப் புல்தரை ஒன்று இருப்பது வழக்கம். இது வில்லேஜ் கிரீன், அதாவது ஊர்ப் பசுந்திடல் எனப்படும். ஆடுமாடு மேய்த்தல், சந்தை, திருவிழா, விளையாட்டு ஆகியவற்றுக்கு இத்திடல் பயன்பட்டது. இவ்வழக்கத்தைப் புதிய ஆயிரமாண்டில் தொடரும் நோக்கில் புதிய திடல்களுக்கு மில்லேனியம் கிரீன் என்ற பெயர் இடப்பட்டது.

பின்னணி

இங்கிலாந்தில் பொது நிலம் குறைந்ததற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மக்கள் பொதுவில் பயன்படுத்திவந்த மேய்ச்சல் நிலங்களும் தரிசுகளும் இவற்றின் மூலம் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. இவ்வாறு அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் ஆகும். இது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் சற்று அதிகம்.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வகை இழப்பு நிகழ்ந்தது. வேதியுரம், ஆழ உழவு, புதிய புல்வகைகள் ஆகியவற்றின் வரவால், 1930களில் இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த பூச்செடிகள் நிறைந்த புல்வெளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு 1980களின் நடுப்பகுதிக்குள் அழிந்துபோயின. ஊர்க் குளங்கள் பலவும் தூர்ந்து மறைந்தன.

அதே வேளையில் ஊர்களின் ஓரத்தில் பயனற்ற நிலத்துண்டுகளும் பெருகின. 1963 ஆம் ஆண்டின் பீச்சிங் அறிக்கைக்குப் பின் மூடப்பட்ட தொடர்வண்டித் தடங்கள், சரளை எடுத்து முடிந்த குழிகள், பழைய கற்சுரங்கங்கள், குடும்பங்களுக்குச் சிறு வாடகைக்கு விடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட காய்கறித் தோட்டங்கள் (அலாட்மெண்ட்) முதலியன இவற்றுள் அடங்கும். முட்புதர் மண்டி, குப்பை கொட்டும் இடங்களாகவும் சில மாறியிருந்தன.

இத்தகைய நிலங்களைச் சீர்செய்யும் தன்னார்வப் பணிக்கு முன்னோடி அமைப்பு ஒன்றும் இருந்தது. 1959 ஆம் ஆண்டில் சரே மாவட்டத்தின் பாக்ஸ் ஹில் குன்றில் புதர் வெட்டும் பணியுடன் தொடங்கிய 'கன்சர்வேசன் கோர்' என்ற குழுவே அது. இவ்வமைப்பு 1970 முதல் பிரித்தானியப் பாதுகாப்புத் தன்னார்வலர் அறக்கட்டளை என்றும், 2012 முதல் 'தி கன்சர்வேசன் வாலண்டியர்சு' என்றும் அறியப்படுகிறது.

திட்டம்

திட்டத்தை நாட்டுப்புற ஆணையம் (கன்ட்ரிசைடு கமிசன்) நடத்தியது. தேசிய லாட்டரியின் வருவாயிலிருந்து மில்லேனியம் ஆணையம் நிதி வழங்கியது. 250 திடல்கள் அமைப்பது இலக்காக இருந்தது, 245 அமைந்தன. நாட்டுப்புற ஆணையம் 1999 ஆம் ஆண்டில் நாட்டுப்புற முகமையாக (கன்ட்ரிசைடு ஏஜென்சி) மாற்றப்பட்டது. 2006 ஆம் ஆண்டில் 'நேச்சுரல் இங்கிலாந்து' என்ற அரசு அமைப்பு உருவானபோது, திடல்கள் தொடர்பான பொறுப்பு அதனிடம் வந்தது.

நல்கை முழுச் செலவையும் ஈடுகட்டவில்லை. மீதியை ஊர் மக்களே திரட்ட வேண்டியிருந்தது. மேலும், நல்கை திடலை உருவாக்குவதற்கு உரியதேயன்றி, ஆண்டுதோறும் அதைப் பராமரிப்பதற்கு உரியது அன்று. இவ்வேறுபாடு பிற்காலத்தில் முக்கியமானதாயிற்று.

நில உரிமையும் அறக்கட்டளையும்

ஒவ்வொரு திடலுக்கும் உள்ளூரில் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நிலம் அவ்வூர் மக்களின் பயன்பாட்டுக்கென எக்காலத்துக்கும் வைத்திருக்கப்பட வேண்டும் என்பது அறக்கட்டளைப் பத்திரத்தின் மைய விதி. எனவே அறங்காவலர்கள் நிலத்தின் காப்பாளர்களேயன்றி உடைமையாளர்கள் அல்லர்.

திடல் ஒன்று கூடுதலான சட்டப் பாதுகாப்பைப் பெறவும் வழிகள் உள்ளன.

* ஊர்ப் பசுந்திடல் பதிவு: 2006 ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டத்தின்படி, நில உரிமையாளர் தாமாகவே முன்வந்து நிலத்தை ஊர்ப் பசுந்திடலாகப் பதிவு செய்யலாம். பதிவான திடலைச் சேதப்படுத்துவதையும் அதில் கட்டடம் எழுப்புவதையும் 1857, 1876 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தடுக்கின்றன.
* உள்ளூர் இயற்கைக் காப்பகம்: 1949 ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி அமைப்பு ஓரிடத்தைக் காப்பகமாக அறிவிக்கலாம்.
* உள்ளூர்ப் பசுமை வெளி: 2012 முதல், வட்டாரத் திட்டங்களின் வழியே ஊர் மக்கள் தமக்கு முக்கியமான வெளிகளை இவ்வாறு குறிக்கச் செய்யலாம்.

நிலத்தை மாற்றும் முறை

முதற்கட்ட ஆய்வு

கைவிடப்பட்ட நிலம் உயிரற்ற நிலம் அன்று. முட்புதரில் பறவைகள் கூடு கட்டியிருக்கலாம். தூர்ந்த குட்டையில் பெருங்கொண்டை நியூட் என்னும் வாலுள்ள நீர்நில வாழ்வி இருக்கலாம். நியூட்டும் அதன் வாழிடமும் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. ஆகவே வெட்டத் தொடங்கும் முன் என்னென்ன உயிர்கள் உள்ளன என்று கணக்கெடுப்பது முதற்பணி ஆகும். பழைய தொடர்வண்டித் தடங்களிலும் குப்பை மேடுகளிலும் மண்ணில் நச்சுப் பொருள்கள் உள்ளனவா என்று சோதிப்பதும் தேவை. ஜப்பானிய நாட்வீட் போன்ற அயல் களைகள் இருப்பின் தனிக் கவனம் வேண்டும். இதன் வேர்த்தண்டின் சிறு துண்டும் முளைத்துவிடும்.

புல்வெளி

உழவுக்கு வளமான மண் நன்று. ஆனால் பூச்செடிப் புல்வெளிக்கு அது தடையாகும். வளமான மண்ணில் முரட்டுப் புற்கள் விரைந்து வளர்ந்து மென்மையான பூச்செடிகளை மூடிவிடுகின்றன. பல ஆண்டுகள் எருவிடப்பட்ட காய்கறித் தோட்ட நிலத்தைப் புல்வெளியாக்குவது கடினமாக இருப்பது இதனாலேயே. மேல்மண்ணை அகற்றுவது ஒரு வழி. கோடையின் பிற்பகுதியில் புல்லை வெட்டி, வெட்டியதை அங்கேயே விடாமல் வெளியேற்றுவது மற்றொரு வழி. இவ்வாறு ஆண்டுதோறும் செய்தால் மண்ணின் வளம் படிப்படியாகக் குறையும்.

இப்பணியில் யெல்லோ ராட்டில் (ரைனாந்தசு மைனர்) என்ற சிறு செடி பெரிதும் உதவுகிறது. இது புல்லின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. புல்லின் வேகத்தைக் குறைத்து மற்றப் பூச்செடிகளுக்கு இடம் தருகிறது. இதன் விதை குளிர்காலத்தைக் கடந்தே முளைக்கும் என்பதால் இலையுதிர் காலத்தில் விதைக்கப்படுகிறது. இது ஓராண்டுச் செடி. இதன் விதை மண்ணில் நெடுங்காலம் உயிருடன் இருப்பதில்லை. ஆகையால் விதை முற்றும் முன் புல்லை வெட்டிவிட்டால் இச்செடி அவ்விடத்திலிருந்தே மறைந்துபோகக்கூடும்.

குளம்

இயற்கைக் குளத்தின் கரைகள் செங்குத்தாக இல்லாமல் மெல்லச் சரிவாக அமைக்கப்படுகின்றன. ஆழம் குறைந்த ஓரப் பகுதியிலேயே பெரும்பாலான சிற்றுயிர்கள் வாழ்கின்றன. குழாய் நீரில் பாசியை வளர்க்கும் சத்துகள் மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால் மழைநீரே விரும்பப்படுகிறது. மீன்கள் தலைப்பிரட்டைகளையும் நியூட்டின் இளவுயிரிகளையும் உண்பதால் அவை விடப்படுவதில்லை. கடையில் வாங்கிய நீர்ச்செடிகளுடன் அயல் களைகள் வந்த நிகழ்வுகள் உண்டு. அவற்றுள் ஒன்றான நியூசிலாந்து பிக்மிவீட்டை விற்பது இங்கிலாந்தில் 2014 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

உயிர்வேலியும் மரங்களும்

ஹாதார்ன், பிளாக்தார்ன், ஹேசல் ஆகியவை உயிர்வேலிக்கு நடப்படும் உள்நாட்டு மரவகைகள். வளர்ந்த வேலியின் தண்டுகளை அடியில் பெரும்பகுதி வெட்டி, முழுதும் அறுபடாமல் சாய்த்துப் பின்னுவது ஒரு மரபுக் கலை. சாய்ந்த தண்டு உயிருடன் இருக்க, அடியிலிருந்து புதுத் தளிர்கள் எழுந்து வேலி அடர்த்தியாகும். ஹேசல் மரங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு வெட்டி, கரும்பின் மறுதாம்பு போலத் தழைக்கவிடுவதும் உண்டு. இதனால் காட்டின் தரையில் ஒளி விழுந்து வசந்தகாலப் பூக்கள் பெருகுகின்றன.

ஆண்டுப் பணிகள்

* குளிர்காலம்: மரம் நடுதல், வேலி பின்னுதல், ஹேசல் வெட்டுதல், புதர் அகற்றுதல்.
* வசந்தம்: பறவைகள் கூடு கட்டும் காலம். மார்ச்சு முதல் ஆகத்து வரை வேலி வெட்டுவது தவிர்க்கப்படுகிறது. உயிரினக் கணக்கெடுப்பு நடைபெறும்.
* கோடை: பாதையோரப் புல்லை ஒழுங்குபடுத்துதல், பூக்கள் விதைத்தபின் புல்வெளியை வெட்டி அகற்றுதல்.
* இலையுதிர் காலம்: விதைத்தல், குளத்தின் ஒரு பகுதியை மட்டும் தூர்வாருதல். எடுத்த செடிகளை ஓரிரு நாள் கரையிலேயே வைத்தால், அவற்றிலுள்ள சிற்றுயிர்கள் நீருக்குத் திரும்பிவிடும்.

எடுத்துக்காட்டுகள்

சஃபோக் மாவட்டத்தின் சிறு நகரமான ஹேல்சுவர்த்தில் உள்ள திடல், இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இது பிளைத் ஆற்றையொட்டிய புல்வெளிகளைக் கொண்டது. 1879 ஆம் ஆண்டில் தொடங்கி 1929 ஆம் ஆண்டில் மூடப்பட்ட சவுத்வோல்டு குறும்பாதைத் தொடர்வண்டியின் தடமும் இதன் வழியே சென்றது. திட்டம் ஊர்ப்புறங்களுடன் நின்றுவிடவில்லை. இலண்டனில் வாட்டர்லூ தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே, ஓல்டு விக் நாடக அரங்கத்தை அடுத்தும் ஒரு மில்லேனியம் பசுந்திடல் உள்ளது.

சிக்கல்கள்

அறக்கட்டளைப் பத்திரம் நிலத்தை விற்பனையிலிருந்து காக்கிறது. நிலத்தின் தன்மையை அது காப்பதில்லை. இங்கிலாந்தின் தட்பவெப்பத்தில், வெட்டாமலும் மேய்க்காமலும் விடப்பட்ட புல்வெளி சில ஆண்டுகளில் முட்புதராகி, பின்னர் இளங்காடாகும். குளத்தில் சம்புப் புல் பரவி நீர்ப்பரப்பு மூடிவிடும். தாவர வழிமுறை வளர்ச்சி எனப்படும் இம்மாற்றம் இயல்பானதே. ஆனால் புல்வெளிக்கும் திறந்த நீருக்கும் உரிய உயிர்கள் அதில் இடமிழக்கின்றன. எனவே இத்தகைய இயற்கைப் பகுதி மனித உழைப்பால் ஆண்டுதோறும் நிலைநிறுத்தப்படும் ஒன்றாகும்.

உழைப்பவர்கள் கிடைப்பதே பெரும் சிக்கல். 2000 ஆம் ஆண்டையொட்டி ஆர்வத்துடன் சேர்ந்தவர்கள் முதுமையடைந்துள்ளனர். அறங்காவலர் பொறுப்பில் கணக்கு, காப்பீடு, பார்வையாளர் பாதுகாப்பு ஆகிய சட்டக் கடமைகளும் அடங்கும் என்பதால் புதியவர்கள் தயங்குவதுண்டு. போதிய அறங்காவலர் இல்லாதபோது, நம் ஊராட்சிக்கு ஒப்பான பாரிஷ் மன்றம் பொறுப்பேற்பது ஒரு வழி. ஆயினும் நிலத்தின் நோக்கம் மாறாது.

எதிர்பாராத செலவுகளும் எழுகின்றன. 2012 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் கண்டறியப்பட்ட ஆஷ் மரப் பட்டுப்போதல் என்னும் பூஞ்சை நோயால், பாதையோர மரங்கள் விழும் நிலைக்கு வருகின்றன. அவற்றை வெட்டுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை, தன்னார்வலர்களால் இயலாது. சிறு அறக்கட்டளைகளுக்கு இச்செலவு பெருஞ்சுமை ஆகும்.

ஊருக்குள்ளேயே கருத்து வேறுபாடும் ஏற்படுகிறது. உயர்ந்து நிற்கும் புல்லைச் சிலர் புறக்கணிப்பின் அடையாளமாகக் காண்கின்றனர். பாதையின் இருபுறமும் ஒரு பட்டையை மட்டும் ஒழுங்காக வெட்டி, உட்பகுதியை விதை முற்றும் வரை விட்டுவைப்பது பலவிடங்களில் கையாளப்படும் தீர்வு. இதன் மூலம், உயர்ந்த புல் வேண்டுமென்றே விடப்பட்டது என்பது காண்போருக்குப் புலப்படும்.

பின்வந்த திட்டங்கள்

மில்லேனியம் பசுந்திடல்களைத் தொடர்ந்து 2001 முதல் 2006 வரை 'டோர்ஸ்டெப் கிரீன்' (வாசற்பசுந்திடல்) என்ற திட்டம் நடைபெற்றது. வசதி குறைந்த பகுதிகளுக்கு இதில் முன்னுரிமை தரப்பட்டது. 2011 ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், ஊருக்கு மதிப்புள்ள நிலமோ கட்டடமோ விற்பனைக்கு வரும்போது அதை வாங்க முயல்வதற்கான கால அவகாசத்தை மக்களுக்கு அளித்தது. எனினும் இவ்வுரிமை வாங்குவதற்கான வாய்ப்பை மட்டுமே தருகிறது. உரிமையாளர் ஊருக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இவற்றையும் பார்க்க

* ஊர்ப் பசுந்திடல்
* நில அடைப்பு
* உள்ளூர் இயற்கைக் காப்பகம்
* தாவர வழிமுறை வளர்ச்சி
* உயிர்வேலி