பண்டைத் தமிழர் சூடிய பூக்கள்

விழாவிற்கு எப்பூ வேண்டும் என்ற வினாவுக்குப் பண்டைத் தமிழர் கண்ட விடை அழகை மட்டும் நோக்கியதன்று. நிரை கவரச் செல்வோர் வெட்சி சூடினர். மீட்கச் செல்வோர் கரந்தை சூடினர். மதிலை வளைத்தோர்க்கு உழிஞை, காத்தோர்க்கு நொச்சி, வென்றோர்க்கு வாகை. சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு. வேப்பம்பூவில் கண்ணைக் கவர என்ன உண்டு? ஆயினும் அதனைக் கண்டதும் பாண்டியன் படை எனத் தெரிந்துவிடும்!

தலையில் சூடுவது கண்ணி. மார்பில் புரள்வது தார். மகளிர் அணிவது கோதை. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியதாகக் கூறப்படும் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. வடபுலத்தார்க்கு நம் மொழியைக் காட்ட மலர்களே தக்கவை என்று எண்ணினார் போலும்.

அவற்றுள், இன்று நம் காலனிப் பந்தல்களை நிறைக்கும் செண்டுமல்லி இல்லை. அது மெக்சிகோ நாட்டுப் பூ. ஐரோப்பியர் கடல்வழி வந்த பின்னரே இந்நாடு அடைந்தது. மலிவானது, எளிதில் வாடாதது. ஆகவே அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் இங்குச் சாலையோரம் 'சிரிஸ்' என்று நிற்கும் மரம் நம் வாகையே. சித்திரை, வைகாசியில் பூக்கும். அக்காலத்து நிகழும் போட்டிகளில் பரிசு பெறும் நம் சிறுவர்க்கு ஒரு வாகைக் கண்ணி சூட்டலாமே!