ரக்பி ஆட்டமும் புதிய மாணவனும்

இங்கிலாந்தின் ரக்பி என்னும் ஊரில் 1567-ஆம் ஆண்டு ஒரு பள்ளி நிறுவப்பட்டது. அதன் திடலில் வளர்ந்த பந்தாட்டமே ரக்பி எனப் பெயர் பெற்றது. 1823-இல் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் பந்தைக் கையிலேந்தி ஓடியதே அதன் தோற்றம் என்பர். அதற்கு நேரிற் கண்டார் சான்று இல்லை. புதியவன் அவ்வாட்டத்தை எங்ஙனம் கற்றான் என்பதற்கோ நல்ல சான்றுகள் உள.

தொடக்கத்தில் எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. மூத்த மாணவர் பந்தைச் சூழ்ந்து மோதுவர். சிறுவர் கோல் கம்பத்தருகே காவல் நிற்பர். கண்டும் இடிபட்டும் கற்பதே அவர்க்கு வாய்த்த பாடம். அப்பள்ளியிற் பயின்ற தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்னும் புதினம் இதனை நன்கு காட்டும். பள்ளிக்கு வந்த முதல் நாளே டாம் பந்தின்மேற் பாய்ந்து விழுகிறான். விதியறியாத அவனுக்குத் துணிவு ஒன்றே துணை.

1845-இல் மாணவர் மூவர் 37 விதிகளை எழுதினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் டெலபீல்டு அர்னால்டு, பின்னாளில் பஞ்சாபில் பொதுக்கல்வி இயக்குநராகப் பணிபுரிந்தார். முழங்காலுக்கு மேல் உதைத்தல் ஆகாது, காலணியில் ஆணி துருத்தி நிற்றல் ஆகாது என்பன அவ்விதிகளுட் சில. ஆயினும், ஆட்டத்தை முன்னரே அறிந்தவர்க்கே அவை பயன்பட்டன.

பள்ளியை விட்டு நீங்கிய மாணவர் ஆட்டத்தைப் பல ஊர்களுக்கும் கொண்டு சென்றனர். வெவ்வேறு வழக்குடையோர் ஒரே திடலில் கூட நேர்ந்தது. ஆகவே, 1871 ஜனவரி 26-இல் 21 கழகங்கள் லண்டனிற் கூடி ரக்பி சங்கத்தை அமைத்தன. அப்பள்ளியின் பழைய மாணவரான வழக்கறிஞர் மூவர் பொது விதிகளை வகுத்தனர். எதிராளியின் காலில் உதைக்கும் வழக்கம் விலக்கப்பட்டது. அப்பள்ளியிற் படியாதவனும் விதிகளைக் கற்று ஆட வழி பிறந்தது.

ஏழைக்கு வேறொரு தடை எஞ்சியிருந்தது. வட இங்கிலாந்தின் ஆலை, சுரங்கத் தொழிலாளர் சனிக்கிழமை ஆடச் சென்றால் கூலியை இழந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்யச் சங்கம் 1893-இல் மறுத்தது. 1895 ஆகஸ்டு 29-இல் வடபகுதிக் கழகங்கள் ஹட்டர்ஸ்பீல்டு நகரிற் கூடிப் பிரிந்து, தனிச் சங்கம் கண்டன. பழைய பிரிவில் ஆட்டக்காரர் ஊதியம் பெறுவதற்கிருந்த தடை 1995-இல்தான் நீங்கியது.

விதியை எழுதிவிட்டதனால் மட்டும் ஆட்டம் எல்லார்க்கும் உரியதாகிவிடவில்லை. புதியவன் அடிக்கு அஞ்சாமலும் கூலியை இழவாமலும் திடலில் இறங்க முடிந்தபோதே அது பொதுவாயிற்று. பாடத்திட்டம் வகுத்தால் போதும், பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர் என்று எண்ணுவோர்க்கும் இவ்வரலாறு ஒரு பாடமாகும்.