கரையான் தின்ற பேக்கப்

"எல்லாம் கிளவுட்ல இருக்குப்பா, எனக்கென்ன கவலை?" பொட்டி தட்டுற நம்ம ஆளுங்ககிட்ட அடிக்கடி கேக்குற வசனம் இது. ஒரு இடத்துல பத்திரமா போட்டாச்சு, வேணுங்கறப்ப எடுத்துக்கலாம்ங்கற இந்த நம்பிக்கை ரொம்பப் பழசுங்க. எங்க கடலூர் மாவட்டத்துலயே அதுக்கு ஒரு கதை இருக்கு.

எங்க திட்டக்குடியைத் தொட்டுப் போற வெள்ளாறு, சிதம்பரம் பக்கமாப் போய்ப் பரங்கிப்பேட்டையில கடல்ல கலக்குது. அந்தச் சிதம்பரம் கோயில்ல ஒரு அறையில தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்ததா திருமுறைகண்ட புராணம் சொல்லுது. 14ம் நூற்றாண்டு உமாபதி சிவம் பாடினதுன்னு மரபு. நம்பியாண்டார் நம்பியோட அரசர் (ராஜராஜ சோழன்னு சொல்றாங்க) போய்க் கேட்டப்போ, "பாடின மூவரும் வந்தாத்தான் கதவு திறக்கும்"னுட்டாங்க. அசரலையே மனுஷன்! மூவர் திருவுருவங்களையே எழுந்தருளப் பண்ணிட்டார். லாகின் பிரச்சினை தீர்ந்துச்சு :-)

உள்ள பார்த்தா ஒரே புத்து. எண்ணெய் ஊத்திக் கரையானைப் போக்கி, மிஞ்சின ஏடுகளை எடுத்தாங்க. மூவரும் பாடினது ஒரு லட்சம் பதிகத்துக்கு மேலன்னு மரபுக் கணக்கு. இன்னிக்கு நம்ம கையில இருக்கிறது எண்ணூறுக்கும் கொஞ்சம் கம்மி. பூட்டு என்னவோ கெட்டியாத்தான் இருந்துச்சு. திறந்து பார்க்கத்தான் ஆளில்ல.

சரி, ஏடு கிடைச்சுது. பண்? அதை ஏட்டுல எங்க தேடுறது? திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபுல வந்த ஒரு பெண்தான் பண்களை வகுத்துக் கொடுத்தாராம். ஊர் திருஎருக்கத்தம்புலியூர், அதாவது விருத்தாசலத்துக்குப் பக்கத்துல இருக்கிற இன்னிக்கு ராஜேந்திரப்பட்டினம். ஏட்டுல இல்லாதது ஒரு குடும்பத்தோட தொண்டையில இருந்துச்சு.

இதெல்லாம் புராணம்னு தள்ளிடலாம். ஆனா 1917ல நடந்தது புராணமில்ல. ஏடு எதுலயுமே இல்லாத ஒரு சம்பந்தர் பதிகம், திருவாரூர் பக்கம் திருவிடைவாய் கோயில் கல்வெட்டுல கிடைச்சுது. எவனோ ஒரு புண்ணியவான் அதைக் கல்லுல வெட்டி வெச்சிருந்தான்.

இப்போ கிளவுடுக்கு வருவோம். 2011 பிப்ரவரியில ஒரு மென்பொருள் பிழையால ஜிமெயில்ல கொஞ்சம் பேரோட அஞ்சல் பெட்டி காலியாச்சு. வேற வேற டேட்டா சென்டர்ல இருந்த பிரதிகளையும் அந்தப் பிழை தொட்டிருச்சு. கூகுள் எதுலேருந்து மீட்டாங்க தெரியுமா? தனியா வெச்சிருந்த காந்த நாடாவுலேருந்து! 2021 மார்ச்ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்ல ஓவிஹெச் டேட்டா சென்டர் தீப்பிடிச்சுது. பேக்கப்பையும் அங்கயே வெச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் போச்சு.

இன்னொண்ணு. சிங்க் வேற, பேக்கப் வேற. சிங்க் ஆகுற ஃபோல்டர்ல நீங்க இங்க அழிச்சா அங்கயும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில 30 நாள்தான் இருக்கும். அப்புறம் தேடினா கிடைக்காது.

கிளவுட் வேணாம்னு சொல்லல, தாராளமா வெச்சுக்கங்க. கூடவே வேற இடத்துல, வேற வகையில இன்னொரு பிரதி இருக்கணும். தேவாரத்துக்கு ஏடு, தொண்டை, கல்னு மூணு இருந்துச்சு, அதனால இவ்வளவாவது தப்பிச்சுது. முக்கியமா, அப்பப்போ ஒரு ஃபைலை மீட்டெடுத்துத் திறந்து பாருங்க. கதவைத் திறக்கிற வரைக்கும் உள்ள ஏடு இருக்கா, புத்து இருக்கான்னு யாருக்குத் தெரியும்?