மணிலாப் புண்ணாக்கும் ஈரமும்

தென்னார்க்காட்டில் மணிலா என்றும் பேச்சுவழக்கில் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பண்ணுருட்டி, கடலூர் வட்டாரங்களிலிருந்து புதுச்சேரித் துறைமுகத்தை அடைந்து, பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. கையால் தோடு உடைப்பது எளிதாகக் காய்களை நீரில் நனைக்கும் வழக்கம் அன்று பரவியிருந்தது. நனைந்த பருப்பு எடை கூடி விற்பவருக்கு உடனடி ஆதாயம் தந்தாலும், நெடும் கடற்பயணத்தில் பூஞ்சை பிடித்து, எண்ணெய் காறிப்போயிற்று. உலர்ந்த காயை உடைக்கும் இயந்திரங்கள் பரவிய பிறகே இக்கேடு தணிந்தது. 1905இல் கடலூரை அடுத்த பாலூரில் வேளாண் ஆய்வுப் பண்ணை தோன்றியபோது விதையும் விளைச்சலும் ஆய்வுக்குரியவையாயின. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கின் தரமோ வாங்குபவரின் கைக்கும் மூக்குக்குமே விடப்பட்டது.

அந்தக் கையும் மூக்கும் எளிதில் ஏமாறுபவை அல்ல. புண்ணாக்கை ஊறவைத்தால் கலந்திருக்கும் மண் அடியில் படியும். பழையதாயின் காறல் வாடை காட்டிக்கொடுக்கும். தீவனத் தவிட்டுக்கும் இதே கைச்சோதனை உதவும்: சிதம்பரம் பகுதி நெல் அரவை ஆலைகளில், உமியையும் தவிட்டையும் ஒருசேர நீக்கும் ஹல்லர் இயந்திரத்தின் தவிட்டில் உமித்தூள் மிகுந்திருப்பதைத் தேய்த்துப் பார்த்தே அறியலாம். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிகுதியாகத் தங்குவதும், கரைப்பான் கொண்டு எண்ணெய் பிரித்த புண்ணாக்கில் ஏறத்தாழ 1 விழுக்காடே எஞ்சுவதும் தொட்டவுடன் தெரியும்.

ஆயினும் புலன்களுக்கு எட்டாத கேடு ஒன்று இருந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் சேர்ந்த பிரேசில் நிலக்கடலைப் புண்ணாக்கில் ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ என்னும் பூஞ்சை சுரந்த நச்சு, அதாவது அஃப்ளாடாக்சின், கண்டறியப்பட்டது. எண்ணெய் பிழியும்போது இந்நச்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அதைத் தின்ற மாட்டின் பாலிலும் உருமாறி வெளிப்படுகிறது. மார்செய்க்குச் சென்ற நனைந்த பருப்பில் வணிகர் கண்டது விலைக்குறைவை மட்டுமே என்பதை எண்ணும்போது, ஈரம் பற்றிய பழைய புகார் எத்துணை முக்கியமான எச்சரிக்கை என்பது விளங்கும்.

நச்சு ஒரு சரக்கு முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பூஞ்சை பிடித்த சில பருப்புகளே ஒரு மூட்டையைக் கெடுக்கவல்லவை. ஆகவே ஒரே மூட்டையில் குத்தூசி செருகி எடுக்கும் மாதிரி, வெவ்வேறு ஊர்களிலிருந்து சேர்ந்த சரக்கின் தரத்தைச் சொல்லாது. பல மூட்டைகளின் மாதிரியைக் கலந்து, முதலில் ஈரத்தையும் பின்னர் நச்சையும் அளந்த பிறகே தீவன ஆலைகள் விலை பேச வேண்டும்.